பதினைந்தடி தூரத்துக்கு ஒரு நோட்டு

பள்ளிக்கூடத்தில் ஒரு தகவல் சொல்ல வேண்டுமென்றால் நானே எழுந்து வகுப்பு வகுப்பாகப் போவேன். வாசலில் நின்று ஆசிரியரிடம் சொல்வேன். சொன்னதை அவர் வாயால் திரும்பச் சொல்லக் கேட்பேன். பிறகு பிள்ளைகளிடமும் ஒருமுறை சொல்வேன். மலாயாவில், மூவாரில் நான் தலைமையாசிரியராக இருந்த கடைசி ஆண்டுகளில் இளம் ஆசிரியர்கள் இதைப் பேசிப் பேசிச் சிரிப்பார்கள். "ஐயாவுக்கு வயசாயிடுச்சு, சொன்னதையே சொல்றாரு" என்று ஒருவர் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

ஒரு சுற்றறிக்கை எழுதி அனுப்பினால் ஐந்து நிமிட வேலை. எனக்குத் தெரியாதா? சுற்றறிக்கை எழுதுவதில் ஒரு காலத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தக் காலத்தைப் பற்றித்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். சந்தோஷமாக எழுதவில்லை.

முப்பதுகளின் தொடக்கம் அது. ரப்பர் விலை விழுந்து, தோட்டத்துக்குத் தோட்டம் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். லாயாங் லாயாங் ஸ்டேஷனில் இறங்கி மாட்டு வண்டியில் ஒரு மணி நேரம் உள்ளே போனால் வரும் தோட்டம் ஒன்றில் தமிழ்ப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக என்னைப் போட்டார்கள். எனக்கு வயது இருபத்தைந்து. தலைமையாசிரியர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். என்னையும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். தகரக் கூரை போட்ட ஒரே நீளக் கொட்டகை. கிழக்குப் பக்கம் மூன்றாம் வகுப்பையும் நான்காம் வகுப்பையும் வைத்துக்கொண்டு நான். மேற்குப் பக்கம் முதல் இரண்டு வகுப்புகளோடு அவர். நடுவில் ஒரு தட்டிகூடக் கிடையாது. என் மேசைக்கும் அவர் மேசைக்கும் பதினைந்தடி இருக்கும். அந்தப் பதினைந்தடிக்காக நான் ஒரு ஆர்டர் நோட்டு வைத்திருந்தேன்.

அவர் ஐம்பதைத் தாண்டியவர். நான் வருவதற்கு முன் பதினாறு வருஷம் அந்தப் பள்ளியை ஒற்றை ஆளாக நடத்தியவர். ஆனால் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் உள்ளவர்தான் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று பள்ளியைப் பார்க்க வந்த இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டுப் போக, தோட்டத்துத் துரை என்னைக் கொண்டுவந்து அவர் தலைக்கு மேல் உட்கார வைத்தார். மறுநாளே, கூலியாட்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்து ஜனங்கள் பெயர் வைத்துவிட்டார்கள். நான் பெரிய வாத்தியார், அவர் சின்ன வாத்தியார். என் அப்பா வயசுக்காரர் சின்ன வாத்தியார்! அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. "பெரிய வாத்தியாரே" என்று வாய் நிறையக் கூப்பிடுவார். கூச்சமெல்லாம் எனக்குத்தான்.

அவரிடம் ஒரு வேலையைச் சொல்வது எப்படி? "நீங்க இதச் செய்யுங்க" என்று நேராகச் சொன்னால் மரியாதைக் குறைவு. "செஞ்சு குடுங்களேன் ஐயா" என்று குழைந்தால் யாருக்கு யார் தலைமை என்ற கேள்வி வந்துவிடும். முதல் வாரம் முழுக்க இதிலேயே தடுமாறினேன். மூவாரில் நான் முதலில் வேலை பார்த்த பள்ளியில் தலைமையாசிரியர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி அனுப்புவார். படித்ததற்கு அடையாளமாக நாங்கள் கையெழுத்துப் போட வேண்டும். அங்கே ஏழு ஆசிரியர்கள், மாடிக் கட்டடம், அதற்கு ஒரு அர்த்தம் இருந்தது. எனக்கு அந்த நோட்டு ஞாபகம் வந்ததற்குக் காரணம் வேறு. எழுத்தில் "செய்யப்பட வேண்டும்" என்று எழுதிவிடலாம். யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்பதே அதில் தெரியாது. முகத்தைப் பார்க்க வேண்டிய வேலையும் இல்லை.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியிடம் கேட்டு ஒரு நீள நோட்டு வாங்கி மூன்று பத்தியாகக் கோடு போட்டேன்: தேதி, உத்தரவு, கையெழுத்து. மத்தியானத்துக்கு முன் எழுதி முடித்து, நானே எடுத்துப் போய் அவர் மேசையில் வைப்பேன். வாய் திறக்க மாட்டேன். பள்ளி விடும்போது நானே போய் எடுத்து வருவேன். நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. அவ்வளவு தூரம் நடந்து போக முடிந்தவனுக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை.

சின்ன வாத்தியாரின் வழி வேறு. விடியற்காலையில் தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். பதினாறு வருஷமாக அவர் தினமும் பெரட்டுக்குப் போய், கங்காணிக்குப் பக்கத்தில் நின்று, பள்ளிச் செய்தியை உரக்கச் சொல்லி வந்திருக்கிறார். நான் வந்த புதிதில் ஒருநாள் போய்ப் பார்த்தேன்.

"நாளைக்கு அம்மை குத்த வர்றாங்க, பிள்ளைங்கள குளிப்பாட்டி அனுப்புங்க! ஏம்மா, ஒம்மவன் மூனு நாளா வரல, காய்ச்சலா, இல்ல ஆடு மேய்க்க அனுப்பிட்டியா?"

அந்தப் பெண் ஏதோ பதில் சொல்ல, வரிசையே சிரித்தது. எனக்குச் சந்தைக்கடை மாதிரி இருந்தது. என் நோட்டின் முதல் உத்தரவே அதைப் பற்றித்தான்: "பள்ளி சம்பந்தமான விஷயங்கள் பெரட்டில் பேசப்படலாகாது." இரண்டாவது உத்தரவு: "இந்நோட்டை ஆசிரியர் தவிர எவரும் தொடலாகாது, பள்ளிக்கு வெளியே கொண்டு செல்லலாகாது." இரண்டையும் படித்துக் கையெழுத்துப் போட்டார். மறுநாளிலிருந்து அவர் பெரட்டுக்குப் போகவில்லை. அவர் ஏன் வருவதில்லை என்று கங்காணி என்னிடம் கேட்டபோது, பள்ளி ஒழுங்குக்கு வந்துகொண்டிருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன்.

நோட்டு என்று ஒன்று வைத்துவிட்டால் தினமும் அதில் எழுத விஷயம் வேண்டுமே. எழுதினேன். சாக் துண்டுகள் பெட்டியில் போடப்பட வேண்டும். துடைப்பம் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைக்கப்பட வேண்டும். இரண்டாம் வகுப்பின் சத்தம் குறைக்கப்பட வேண்டும். இந்தக் கடைசி உத்தரவை மாதம் ஒருமுறையாவது எழுதியிருப்பேன். அவர் வகுப்பு எப்போதும் ஒரே கூச்சல். எழுத்து, வாய்ப்பாடு, ஊர்ப் பெயர் எல்லாவற்றையும் அவர் பிள்ளைகளைச் சேர்ந்து சொல்ல வைத்தே சொல்லிக் கொடுப்பார். புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டுதான் பாடம். பாடம் முழுக்க மனப்பாடம். எந்தப் பிள்ளை எங்கே தப்பாகச் சொன்னாலும் குரலை வைத்தே பெயர் சொல்லித் திருத்துவார். அந்தத் திறமையைப் பார்த்து உள்ளூரப் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

அவர் ஒரே ஒருமுறைதான் நோட்டைப் பற்றி என்னிடம் வாய் திறந்து பேசினார். நான் வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும்.

"பெரிய வாத்தியாரே, நோட்டு பாட்டுக்கு நோட்டு இருக்கட்டும். காலைல பிள்ளைங்க வரிசையில நிக்கிறப்ப நீங்களே ஒரு வாய் சொல்லிட்டீங்கன்னா எங்காதுலயும் விழுந்துரும், பிள்ளைங்க காதுலயும் விழுந்துரும்."

"வாயில சொன்னா நாளைக்கு சொன்னேன், சொல்லலன்னு ஆயிரும்ங்க. எழுத்துல இருந்தா ரெண்டு பேருக்கும் நல்லது" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். வயசான காலத்தில் படிக்கச் சோம்பல்படுகிறார் என்று நினைத்தேன். அடுத்த முறை வந்த இன்ஸ்பெக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்து, இந்த வட்டாரத்தில் இவ்வளவு ஒழுங்கான பள்ளியைப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டார். கேட்க வேண்டுமா? அன்றைக்கு என் கால் தரையில் பாவவில்லை.

அதன்பிறகு அவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். பள்ளி விடும் நேரத்தில் நான் நோட்டை எடுக்கப் போகும்போது, "இன்னிக்கு நோட்டுல விசேஷம் ஒன்னும் இல்லியே?" என்று கேட்பார். "அதுலயே இருக்குங்களே" என்பேன். சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அவர் போட்ட கையெழுத்தை நான் பார்த்ததே இல்லை. நோட்டை மூடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவேன்.

இரண்டாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை இருந்தது. ஏழு வயது. அப்பா முந்தின வருஷம் காய்ச்சலில் போய்விட்டார். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டுக்குப் போகிறவள். அண்ணன் தம்பி யாரும் இல்லாத ஒற்றைப் பிள்ளை. காலையில் சின்ன வாத்தியார் கையைப் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கு வரும். அப்பா இல்லாத ஏக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். வகுப்புச் சிலேட்டுகளையெல்லாம் அடுக்கி எடுத்துப்போய்க் கழுவி வருவதும் அந்தப் பிள்ளைதான். யாரும் சொல்லிச் செய்ததில்லை, அதுவாக எடுத்துக்கொண்ட வேலை அது.

கொட்டகைக்குப் பின்னால் ஒரு கால்வாய் ஓடும். சிலேட்டுக் கழுவுவது, கை கால் அலம்புவது, வெயிலுக்கு இரண்டு கை அள்ளிக் குடிப்பது எல்லாம் அதில்தான். கால்வாய்க்கு அந்தப் பக்கம் மேட்டுக் காடு. ஆள் குறைத்ததிலிருந்து புல் வெட்ட ஆளில்லாமல் ரப்பர் மரங்களுக்கு நடுவே லாலாங் புல் இடுப்புயரம் மண்டிவிட்டது. ஆள் வைத்து வெட்டுவதைவிடச் சிக்கனம் என்று துரை பாஷாணம் கலந்த மருந்து அடிக்க ஏற்பாடு செய்தார். அடிக்க வந்தவர்கள் வெளியிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த ஜாவாக்காரர்கள். நம் ஆட்கள் அப்போது தோட்டத்தின் மறு கோடியில் பால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இது தெரியாது.

ஒருநாள் காலை பதினோரு மணிக்குக் கிராணியிடமிருந்து ஒரு சீட்டு வந்தது. மேட்டுக் காட்டில் இன்றும் நாளையும் மருந்து அடிக்கிறார்கள், இரண்டு வாரத்துக்குப் பிள்ளைகள் கால்வாய்த் தண்ணீரைத் தொடவே கூடாது என்று எழுதியிருந்தது. உடனே என் இரண்டு வகுப்புகளையும் எழுந்து நிற்கச் சொன்னேன். "கால்வாய்ப் பக்கம் போனா தோல உரிச்சிருவேன்" என்று மிரட்டிச் சொன்னேன். அந்தப் பக்கம் இரண்டாம் வகுப்பு மூன்றாம் வாய்ப்பாட்டைக் கூரை அதிரச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் சொன்னது அங்கே கேட்க வழியில்லை.

பிறகு உட்கார்ந்து நோட்டில் எழுதினேன். துடைப்பத்தைப் பற்றி ஒன்று, வருகைப் பதிவைப் பற்றி ஒன்று, மூன்றாவதாகக் கால்வாய். "தண்ணீரில் விஷம் கலந்திருப்பதால் மாணவர்க்கு அறிவிக்கப்பட வேண்டும்" என்று எழுதி, சிவப்பு மையால் அடிக்கோடு போட்டேன். எடுத்துப் போய் அவர் மேசையில் வைத்தேன். பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தன. திரும்பி வந்துவிட்டேன்.

பள்ளி விடும்போது அவர் வழக்கம்போலக் கேட்டார். "இன்னிக்கு விசேஷம் ஒன்னும் இல்லியே, பெரிய வாத்தியாரே?"

"அதுலயே இருக்குங்களே, பாத்துக்கிடுங்க" என்றேன்.

கால்வாய்த் தண்ணியில விஷம் என்று சொல்லியிருந்தால் அதைவிடக் குறைவான மூச்சுதான் செலவாகியிருக்கும். சொல்லவில்லை. அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், நான் நோட்டை வாங்கிப் பூட்டினேன்.

அண்ணன் அக்கா என் வகுப்பில் இருந்த பிள்ளைகளுக்கு வீட்டில் விஷயம் தெரிந்துவிட்டது. அதனால் பலர் தப்பினார்கள். ஒற்றைப் பிள்ளைக்கு யார் சொல்வார்கள்? இரண்டு நாள் கழித்து நல்ல மழை பெய்தது. மேட்டிலிருந்து எல்லாம் வழிந்து கால்வாய்க்கு வந்தது. மறுநாள் சுள்ளென்று வெயில். அந்தப் பிள்ளை சிலேட்டுகளை அடுக்கிக்கொண்டு போய்க் கழுவியது. குடிக்கவும் செய்திருக்கிறது. மத்தியானம் வாந்தி எடுக்க ஆரம்பித்ததும் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இன்னொரு பையனையும் கொண்டுபோனார்கள்; அவன் பிழைத்துக்கொண்டான். அந்தப் பெண் பிள்ளை மறுநாள் உச்சிவேளைக்கு முன் போய்விட்டது.

அடக்கம் செய்யும்போது நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். சின்ன வாத்தியார் மண்ணில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். "எஞ்சிலேட்ட கழுவத்தானே போச்சு, எஞ்சிலேட்ட கழுவத்தானே போச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்குள் தண்ணீர் விஷயம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவருக்கும் யாரோ சொல்லியிருந்தார்கள். என்னிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

துரை விசாரணை வைத்தார். பிள்ளைகளுக்கு அறிவித்ததற்கு என்ன அத்தாட்சி இருக்கிறதோ கொண்டு வா என்று எனக்கு ஆள் வந்தது. அன்று காலை பள்ளியில் தனியாக உட்கார்ந்து அலமாரியைத் திறந்து நோட்டை எடுத்தேன். அந்தத் தேதிப் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். கையெழுத்து இருந்தது. ஆனால் அதற்கான பத்தியில் இல்லை. நான் எழுதிய எழுத்தின் மேலேயே, அந்தச் சிவப்புக் கோட்டின் மேலேயே குறுக்காகக் கிடந்தது.

பக்கங்களைப் பின்னால் புரட்டினேன். முந்தின மாதமும் அப்படித்தான். அதற்கு முந்தின மாதங்களில் கையெழுத்து பத்தியின் கோட்டைத் தாண்டித் தாண்டி நின்றது. இன்னும் பின்னால் போனால், கொஞ்சம் சரிந்தாலும் பத்திக்குள்ளேயே இருந்தது. முதல் வருஷப் பக்கங்களில் அச்சடித்ததுபோல நடுவில் இருந்தது. அந்த மனிதருடைய கண் போய்க்கொண்டிருந்ததை, மாதம் மாதமாக, அவரே கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்திருக்கிறார். நான் பூட்டி வைத்திருக்கிறேன்.

மூடிய புத்தகம், குரலை வைத்துத் திருத்துவது, கையைப் பிடித்து அழைத்து வந்த பிள்ளை, ஒரு வாய் சொல்லிவிடுங்களேன் என்று கேட்டது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. கண் தெரியாதவர் என்று தெரிந்தால் முதல் ஆளாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடும் காலம். அதற்குப் பயந்துதான் மறைத்திருக்கிறார். எனக்கு அந்த நிமிஷமே எல்லாம் புரிந்துவிட்டது. அப்போது புரியவில்லை என்று நான் இன்றைக்கு எழுதினால் யாரும் என்னைப் பிடிக்கப் போவதில்லை. ஆனால் புரிந்தது. புரிந்தபிறகுதான் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

ஆபீஸ் வராந்தாவில் துரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கிராணி. படிக்குக் கீழே சின்ன வாத்தியார் தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். நான் நோட்டைக் கொடுத்தேன். கிராணி விரலை வைத்துக் காட்ட, துரை பார்த்துத் தலையை ஆட்டினார். நோட்டைத் திருப்பிச் சின்ன வாத்தியார் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது உன் கையெழுத்தா?" துரைக்குத் தோட்டத் தமிழ் நன்றாக வரும்.

அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "என்னோடதுதான், துரை."

"படிச்சு கையெழுத்து போட்டியா?"

அவர் முகம் குரல் வந்த பக்கம் இருந்தது. நான் அவருக்கு இடது பக்கத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். துரை, இவருக்குக் கண் தெரியாது, இவர் கேட்டார், நான்தான் சொல்லவில்லை என்று சொல்ல வேண்டும். நான் துரை கையிலிருந்த நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கும் வேலை வேண்டியிருந்தது. அதைத் தவிர வேறு காரணம் தேடினேன் இத்தனை வருஷமாக, கிடைக்கவில்லை.

"படிச்சேன், துரை" என்றார் அவர். "மறந்துட்டேன்."

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கண் தெரியாமலே சம்பளம் வாங்கினான் என்ற பேச்சுக்குக் கூசியிருக்கலாம். பக்கத்திலேயே இருந்த தலைமையாசிரியனுக்கு இது தெரியாமலா போயிற்று என்று கேள்வி என் பக்கம் திரும்பிவிடும் என்று நினைத்திருக்கலாம். அவர் அப்படிப்பட்டவர்தான். மாத முடிவோடு வேலை நின்றது, அடுத்த கப்பலில் ஊருக்குப் போக வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. துரை என் பக்கம் திரும்பி, "எழுதி வச்சது ரொம்ப நல்லது" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

நாலைந்து நாள் கழித்து இறந்த பிள்ளையின் அம்மா பள்ளிக்கு வந்தாள். வெட்டு முடிந்து நேராக வந்திருந்தாள், உடுப்பெல்லாம் ரப்பர் பால் கறை. என்னைத் திட்டப் போகிறாள் என்று எழுந்து நின்றேன்.

"சின்ன வாத்தியார ஊருக்கு அனுப்புறாங்களாமே?"

"ஆமாம்மா. நான் நோட்டுல எழுதித்தான் வச்சேன். அவருதான்..."

"அவருக்கு கண்ணு தெரியாதுன்னு லயத்துல எல்லாத்துக்கும் தெரியுமே" என்றாள். "எம்மவதானே கையப் புடிச்சு கூட்டியாருவா. ஒங்களுக்கு மட்டுமா தெரியாது?"

என் கண் பூட்டிய அலமாரிக்குப் போனது.

"வாயில சொல்லிருக்கலாமே, வாத்தியாரே" என்றாள். சத்தம் போடவில்லை. பிறகு பிள்ளையின் சிலேட்டைக் கேட்டாள். அடுக்கிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தேன். முந்தானையால் துடைத்து வாங்கிக்கொண்டு போனாள்.

லயம் முழுக்கத் தெரிந்த ஒன்று தலைமையாசிரியருக்கு மட்டும் தெரியவில்லை. ஒருவரும் என்னிடம் வந்து சொல்லவில்லை. சொல்ல நான் எங்கே இடம் வைத்திருந்தேன்? எழுதினால்தான் செல்லும் என்று உட்கார்ந்திருந்தேன், எழுதத் தெரியாத ஜனங்களுக்கு நடுவில்.

அவர் புறப்படும் நாள் வந்தது. சிங்கப்பூருக்கு ரயில், அங்கிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல். வேலையைவிட்டுப் போகிறவருக்குத் தலைமையாசிரியர் ஒரு சான்று எழுதித் தர வேண்டும், கிராணி அதில் முத்திரை போடுவார், நகல் ஆபீசில் இருக்கும். நகல் இருக்கும் என்பதால் நான் நாலே வரி எழுதினேன். "இவர் இப்பள்ளியில் பதினெட்டு ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தார். கவனக்குறைவு காரணமாகப் பணியிலிருந்து நீக்கப்பட்டார். மற்றபடி நடத்தை பற்றிப் புகார் இல்லை. கேட்டுக்கொண்டபடி இச்சான்று வழங்கப்படுகிறது." முத்திரை வாங்கிக்கொண்டு காலையில் லாயாங் லாயாங் ஸ்டேஷனுக்குப் போனேன்.

தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். லயத்திலிருந்து வழியனுப்ப வந்தவர்கள் என்னைப் பார்த்ததும் தள்ளிப் போய் நின்றுகொண்டார்கள். நான் கிட்டே போவதற்குள், "பெரிய வாத்தியார் செருப்புச் சத்தமாச்சே" என்று எழுந்தார்.

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் முன்னால் நின்றதும் வரவில்லை. காகிதத்தை நீட்டி, "சான்று கொண்டாந்திருக்கேங்க" என்றேன்.

வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் என்னிடமே திருப்பி நீட்டினார். "ஒரு வாய் படிச்சுக் காட்டிருங்களேன், பெரிய வாத்தியாரே. காதுல போட்டுக்கிட்டு போயிருவேன்."

காகிதத்தைப் பிரித்தேன். நாலு வரியும் என் எழுத்தில் பளிச்சென்று இருந்தன. அதைப் படிக்க என்னால் முடியவில்லை. கண்ணைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு, அதில் இல்லாததைப் படித்தேன்.

"இவர் பதினெட்டு ஆண்டுகள் இந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். இவரிடம் படித்த ஒரு பிள்ளையின் பெயரையும் இவர் மறந்ததில்லை. ஒவ்வொருவரின் குரலும் இவருக்குத் தெரியும். இவரைப்போல் ஒரு ஆசிரியரோடு வேலை செய்தது என் பாக்கியம். இங்கே நடந்த துயரத்துக்கு இவர் காரணம் இல்லை. சொல்ல வேண்டியதை வாயால் சொல்லாமல் விட்ட தலைமையாசிரியரே அதற்குக் காரணம்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அப்படியெல்லாம் எழுதலாமா? ஒங்க வேலைக்கு ஒன்னு கெடக்க ஒன்னு ஆயிருமே."

"எழுதிட்டேங்க" என்றேன்.

"ஊர்ல எம்மவ இருக்கா. நாலாவது வரைக்கும் படிச்ச பொண்ணு. தெனம் ஒரு தடவ படிக்கச் சொல்லிக் கேட்டுக்கிடுவேன்" என்று சொல்லி, காகிதத்தை என்னிடமிருந்து வாங்கி நாலாக மடித்துச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டார். வண்டி வந்துவிட்டது. பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். என் சட்டைப் பையில் பேனா இருந்தது. ஒரு திருத்தம் இருக்கிறது, கொடுங்கள் என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். கேட்கவில்லை. வண்டி கூலாய்ப் பக்கம் போய் மறையும்வரை நின்றுவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பினேன்.

அடுத்த மாதம் கிராணியிடம் அவர் ஊர்ப் பெயரைக் கேட்டு வாங்கி, அன்று நான் படித்ததை அப்படியே எழுதி, கையெழுத்திட்டு அனுப்பினேன். பதில் வரவில்லை. போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, சேர்ந்திருந்தாலும் அதற்குள் மகள் முதல் காகிதத்தைப் பிரித்திருப்பாள். அவர் ஒருமுறை காதில் வாங்கினால் மறக்காதவர். இப்படி இப்படி எழுதியிருக்கும், படி என்று அவரே முதலில் சொல்லியிருப்பார். அவள் அந்த நாலு வரியையும் பார்த்திருப்பாள், அப்பாவின் முகத்தையும் பார்த்திருப்பாள். "ஆமாப்பா, அப்படித்தான் எழுதிருக்கு" என்று சொல்லும் மனசு அவளுக்கு இருந்திருக்க வேண்டும் என்றுதான் இத்தனை வருஷமாக வேண்டிக்கொண்டிருக்கிறேன்.